இவ்ளோ பெரிய கோட்டை விட்டும் இஸ்ரேல்காரங்க ஏன் இடதுபக்கம் திரும்பல?

தளி_ரோஜாக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம், அரசியல் பகுதில முதல் தடவையா எழுதறேன், தப்பான இடத்துல போட்டிருந்தா மாத்தி விடுங்க. நாங்க தளி பக்கம் பாலிஹவுஸ்ல ரோஜா போடற குடும்பம். எங்க ஊர்ல இந்தோ-இஸ்ரேல் திட்டத்துல வந்த கொய்மலர் சென்டர் இருக்கு, ட்ரிப்பு, உரம் விடறது, கவாத்துன்னு ட்ரெய்னிங்குக்கு ரெண்டு தடவை போயிருக்கேன், அதனால இஸ்ரேல்னாலே எனக்கு சொட்டு நீர்தான் ஞாபகம் வரும், அரசியல் சுத்தமா தெரியாது.

போன வாரம் ஓசூர்ல பூ இறக்கிட்டு டீ குடிக்கும்போது எங்க வண்டிக்கார அண்ணனுக்கும் இன்னொருத்தருக்கும் பெரிய சண்டை. அதுல ஒரு கேள்வி என் மண்டைல ஒட்டிக்கிச்சு. 2023 அக்டோபர் 7 அன்னைக்கு காசால இருந்து ஹமாஸ் புகுந்து தாக்கினதுல ஒரே நாள்ல சுமார் 1,200 பேர் செத்தாங்க, 251 பேரை பணயமா புடிச்சிட்டு போனாங்க. அப்ப ஆட்சில இருந்தது நெதன்யாகு, கூட இருந்தது பூரா ரைட் விங் கட்சிங்க. பாதுகாப்பு பாதுகாப்புன்னு சொல்லியே ஓட்டு வாங்கினவங்க காலத்துலதான் அது நடந்துச்சு. நம்ம ஊரா இருந்தா அடுத்த தேர்தல்ல துடைச்சு எறிஞ்சிருப்பாங்க. அங்க ஏன் ஜனங்க மொத்தமா எதிர்ப்பக்கம் சாயல? இன்னும் கொஞ்சம் வலதுபக்கம்தான் போயிட்டாங்கன்னு சொல்றாங்களே, அது எப்படி?

சண்டை போடாம யாராவது புரியற மாதிரி சொல்லுங்க.

மாங்கூழ்_82:

"சண்டை போடாம"ன்னு போட்டுட்டீங்கல்ல, இப்ப பாருங்க. சுண்டல் வாங்கிட்டு வந்து உக்கார்றேன்.

எக்ஸ்_சர்வீஸ்_பாலக்கோடு:

தம்பி, கேள்விக்குள்ளயே ஒரு முடிச்சு இருக்கு. நெதன்யாகு வேற, அந்த நாட்டு வலதுசாரி வேற. ரெண்டையும் ஒரே மூட்டைல கட்டினா கணக்கு புரியாது. நான் வலதுபக்கம் சாஞ்சவன்தான், மறைக்கல, அதை மனசுல வெச்சுகிட்டு படிங்க.

முதல்ல ஒரு கணக்கு. அவங்க பார்லிமென்ட்டுல 120 சீட்டு. நாடு முழுக்க ஒரே தொகுதி, ஆளுக்கு ஓட்டு இல்ல, கட்சிக்குத்தான். 3.25 சதவீதம் தாண்டினா உள்ள, இல்லன்னா வெளிய. 1992 தேர்தல்ல ராபின் தலைமைல லேபர் கட்சிக்கு 44 சீட்டு, அதுக்கும் இடதுல இருந்த மெரெட்ஸுக்கு 12, மொத்தம் 56. அதே லேபருக்கு 2022 நவம்பர்ல 4 சீட்டு. மெரெட்ஸ் கோட்டையே தாண்டல, பூஜ்யம். கவனிங்க, இது அக்டோபர் 7க்கு முன்னாடியே. அதாவது அந்த ஊர் இடதுசாரி அந்த நாள்ல விழல, அதுக்கு முன்னாடி முப்பது வருஷமா கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு போச்சு.

ஏன் கரைஞ்சுச்சு? இடதுபக்கம் சொன்னது ஒரே வரி, நிலத்தை விட்டுக் கொடுத்தா அமைதி வரும். சரின்னு ஜனங்க 1992ல நம்பி ஓட்டும் போட்டாங்க. 1993ல பாலஸ்தீனியரோட ஆஸ்லோ அமைதி ஒப்பந்தம். அப்புறம் பஸ்ல குண்டு, ஓட்டல்ல குண்டு, 2000ல ஆரம்பிச்ச ரெண்டாவது இன்டிபாடால, அதாவது பாலஸ்தீனியர் கிளர்ச்சில மட்டும் சுமார் ஆயிரம் இஸ்ரேலியர் செத்தாங்க. 2000 மே மாசம் தெற்கு லெபனானை விட்டு வந்தாங்க, அந்த இடத்துல ஹிஸ்புல்லாங்கற லெபனான் ஆயுதக் குழு வந்து உக்காந்துச்சு, 2006ல சண்டை. 2005ல காசாவை விட்டு வந்தாங்க. 21 குடியிருப்பு, எட்டாயிரத்துக்கு மேல ஆளுங்க, போக மாட்டேன்னு அழுதவங்களை சொந்த ராணுவமே கையை காலை புடிச்சு தூக்கிட்டு வந்துச்சு, சுடுகாட்டுல புதைச்சவங்களைக் கூட தோண்டி எடுத்துட்டு வந்தாங்க. செஞ்சது யாரு? அப்ப பிரதமரா இருந்த ஷாரோன், வலதுசாரி ஆளு. மறு வருஷம் அங்க தேர்தல்ல ஹமாஸ் ஜெயிச்சுது, 2007ல துப்பாக்கியோட முழுசா புடிச்சுது.

உங்களுக்குப் புரியற மாதிரி ஒன்னு சொல்றேன். காசால இருந்து கிளம்பும்போது அவங்க போட்டிருந்த பாலிஹவுஸை எல்லாம் அமெரிக்க பணக்காரங்க சில பேரு 1.4 கோடி டாலர் கொடுத்து வாங்கி, பாலஸ்தீனியர் பொழைக்கட்டும்னு அப்படியே விட்டுட்டு வரச் சொன்னாங்க. ராணுவம் கிளம்பின கொஞ்ச நாள்லயே மோட்டாரு, பைப்பு, ஷீட்டுன்னு ஒரு பகுதியை பிரிச்சு எடுத்துட்டு போயிட்டாங்க. உங்க பாலிஹவுஸ்ல அப்படி நடந்தா எப்படி இருக்கும்னு யோசிங்க, அப்ப அந்த ஊர்க்காரன் மனசு தெரியும்.

அதனால அக்டோபர் 7 நடந்தப்ப அவங்களுக்கு "வலதுசாரி தோத்துட்டான், இடதுசாரி சொன்னது சரி"ன்னு தோணல. "விட்டுட்டு வந்த இடத்துல இருந்துதான் வந்தான்"னுதான் தோணிச்சு. இன்னொன்னும் இருக்கு. அன்னைக்கு செத்தவங்கள்ல நிறைய பேரு காசா எல்லைல இருக்கற கிப்புட்ஸ் (கூட்டுப்பண்ணை கிராமம்) ஆளுங்க, பெரும்பாலும் இடதுபக்கம் ஓட்டுப் போடறவங்க, காசால இருந்து வர்ற நோயாளிகளை தங்களோட கார்ல ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போன ஆளுங்களும் அதுல உண்டு. அவங்களுக்கே அந்த கதின்னா மத்தவன் என்ன யோசிப்பான். 2024 ஜூலைல பாலஸ்தீன நாடு கூடாதுன்னு பார்லிமென்ட்ல தீர்மானம் வந்துச்சு, 68க்கு 9ல பாஸ் ஆச்சு. ஆளுங்கட்சி கூட்டணியே 64தான், மீதி எங்கிருந்து வந்துச்சுன்னு பாத்துக்கோங்க.

ஆனா நெதன்யாகு மேல கோவம் இல்லையான்னா, இருக்கு, பயங்கரமா இருக்கு. அந்த கோவம் வலதுபக்கம்தான் கொட்டுது. கத்தார் பணம் பெட்டில காசாவுக்குள்ள போக இவரு விட்டாரு, காசு கொடுத்தா ஹமாஸ் சும்மா கெடப்பான்னு நெனச்சாரு. அதை எதிர்த்து 2018 நவம்பர்ல பாதுகாப்பு மந்திரி லீபர்மன் பதவியையே விட்டுட்டு போனாரு, அவரும் வலதுதான். முன்னாள் பிரதமர் பென்னட்டும் வலதுதான். அங்க போட்டி வலதுக்கும் இடதுக்கும் இல்லப்பா, பீபி, அதாவது நெதன்யாகு, வேணும்ங்கற வலதுக்கும் பீபி வேணாம்ங்கற வலதுக்கும்.

அரூர்_கோர்ட்வாசல்:

எக்ஸ் சர்வீஸ் அண்ணா, மரியாதையோடவே எதிர்த்து பேசறேன்.

அந்த பாலிஹவுஸ் கதையை பாதில நிறுத்திட்டீங்க. சூறையாடினது போக மிச்சத்தை சரி பண்ணி பாலஸ்தீனியர் தக்காளி, ஸ்ட்ராபெரின்னு வெள்ளாமை எடுத்தாங்க. காசா சரக்கு வெளிய போற கர்னி எல்லைக் கேட்டை இஸ்ரேல் பாதுகாப்பு காரணம்னு மாசக்கணக்குல மூடி மூடி திறந்துச்சு, லாரில இருந்த சரக்கு அழுகிப் போச்சு. தளி தம்பிக்கு இதையும் சொல்லணும்ல, ரெண்டு நாள் செக்போஸ்ட்ல பூ நின்னா என்ன ஆகும்னு அவருக்குத்தான் தெரியும்.

நான் அரூர்க்காரன். பாதுகாப்புன்ற வார்த்தையை கேட்டாலே எங்களுக்கு வாச்சாத்தி ஞாபகம் வரும். 1992 ஜூன் 20, சந்தனக்கட்டை தேடறோம்னு வனத்துறை, போலீஸ், ரெவின்யூ எல்லாம் சேர்ந்து ஒரு மலைவாழ் கிராமத்துல புகுந்து பண்ணது. 18 பெண்களை கெடுத்தாங்க. அன்னைக்கு சந்தனக்கடத்தல் பொய்யா? இல்லை, நிஜம்தான். ஆனா அதை சொல்லி ஒரு ஊரையே குற்றவாளின்னு முடிவு பண்ணது? காசால சுகாதாரத்துறை கணக்குப்படி செத்தவங்க 60,000 தாண்டிடுச்சு, அதுல குழந்தைங்க எத்தனை. ஹமாஸ் பண்ணது கொலைதான், அதுல சந்தேகமே இல்ல, ஆனா இதையும் "விட்டுட்டு வந்த இடம்"னு ஒரே வரில தாண்டிப் போக முடியாது.

அடுத்தது. வாச்சாத்திக்கு நியாயம் கிடைச்சது கோர்ட்டாலதான். 2011ல 269 பேரும் குற்றவாளின்னு தீர்ப்பு, அதுல 54 பேரு அதுக்குள்ள செத்தே போயிட்டாங்க. 2023 செப்டம்பர்ல ஹைகோர்ட்டும் உறுதி பண்ணுச்சு. இஸ்ரேல்ல இந்த வலதுசாரி கூட்டணி வந்த உடனே, 2023 ஜனவரில, கை வெச்சது எதுல? கோர்ட்ல. தெருவுல லட்சக்கணக்குல ஜனம் மாசக்கணக்கா நின்னுச்சு. அதுவும் பென் க்விர் மாதிரி ஆளு, 2007ல இனவெறி தூண்டுனதுக்கு தண்டனை வாங்கினவரு, அவரை போலீஸ் இலாகா மந்திரியா ஆக்கின கூட்டணி. இதுக்கு என்ன சொல்றீங்க?

மாங்கூழ்_82:

சுண்டல் தீர்ந்து போச்சு.

எக்ஸ்_சர்வீஸ்_பாலக்கோடு:

வக்கீல் சார், கர்னி கேட்டு விஷயம் சரி, நான் சொல்லாம விட்டதும் சரி. அந்த கேட்டு மேலயே தாக்குதல் நடந்ததையும் நீங்க சொல்லல, சரி, கணக்கு நேராயிடுச்சு. பென் க்விர் பத்தி நான் வக்காலத்து வாங்க மாட்டேன். வலதுபக்கம் சாயறவனுக்கு அந்த ஆளு ஒரு தலைவலி, 64 சீட்டுல 14 அந்த கூட்டத்துது, அது இல்லன்னா ஆட்சி இல்ல, அவ்ளோதான் அதுல இருக்கற தத்துவம். வாச்சாத்திக்கு நானும் போயிருக்கேன், அதுல உங்களோட சண்டை போட வாயே வராது. காசா சாவு கணக்கும் சின்ன விஷயம் இல்ல. ஆஸ்பத்திரிக்கு கீழ சுரங்கம் வெட்டினவன் மேலயும் அதுல பங்கு இருக்குன்னு மட்டும் என் பக்கத்துல இருந்து சொல்லி வெக்கறேன்.

ஆனா கோர்ட் விஷயத்துல நீங்க ரெண்டை கலக்கறீங்க. வாச்சாத்தில கோர்ட் விசாரிச்சது குற்றத்தை. அங்க வலதுசாரி எதிர்த்தது வேற. அந்த நாட்டுக்கு முழுசா எழுதின அரசியல் சட்டம் கிடையாது, அடிப்படைச் சட்டம்னு துண்டு துண்டா இருக்கு. 1995ல அகரோன் பராக் சீஃப் ஜட்ஜா இருந்தப்ப, பார்லிமென்ட் போடற சட்டத்தையே ரத்து பண்ற அதிகாரம் எங்களுக்கு இருக்குன்னு கோர்ட் தானே சொல்லிகிச்சு. அப்புறம் அரசாங்கம் எடுக்கற முடிவு "நியாயமா படல"ன்னு சொல்லியும் ரத்து பண்ணலாம். நியாயமா படறதை யாரு முடிவு பண்றது? 15 ஜட்ஜுங்க. அந்த ஜட்ஜை யாரு தேர்ந்தெடுக்கறது? 9 பேர் கமிட்டி, அதுல 3 பேரு ஜட்ஜு, 2 பேரு வக்கீல் சங்கம்.

நம்ம ஊர்லயும் இதே பஞ்சாயத்துதானே சார். நீதிபதிகள் நியமன ஆணையம் வேணும்னு பார்லிமென்ட் ஏறக்குறைய ஏகமனதா போட்ட சட்டத்தை 2015ல சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணலையா, ஜட்ஜை ஜட்ஜேதான் தேர்ந்தெடுப்போம்னு. அன்னைக்கு நீங்க எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாது, ஆனா அது தப்புன்னு நெனச்ச சாமானியன் இங்கயும் இருந்தான். அங்கயும் அதே கோவம். 2023 ஜூலைல அந்த "நியாயமா படல" அதிகாரத்தை மட்டும் எடுக்கற சட்டம் 64க்கு 0ல பாஸ் ஆச்சு, எதிர்க்கட்சி வெளிநடப்பு. 2024 ஜனவரி 1ல கோர்ட் அதை 8க்கு 7ல ரத்து பண்ணுச்சு. ஒரே ஒரு ஜட்ஜு வித்தியாசம். 64 சீட்டை விட அந்த ஒரு ஆளு பெருசா?

அவங்க செஞ்ச விதம் தப்பு, அதையும் சொல்லிடறேன். நாட்டை ரெண்டா பொளந்துகிட்டு, ரிசர்வ் பைலட்டுங்களே டூட்டிக்கு வர மாட்டோம்னு சொல்ற அளவுக்கு இழுத்து விட்டுட்டு, அந்த 2023 அக்டோபர்லதான் அந்த தாக்குதல் நடந்துச்சு. எதிரி பாத்துட்டுதான் இருந்திருப்பான். பட்டாளத்துல இருந்தவன் நான், அந்த ஒன்னை மன்னிக்கவே முடியல.

மெட்டபெலெத்_அக்கா:

நான் பொதுவா இங்க படிச்சிட்டு போயிடுவேன், எழுத மாட்டேன். ஆனா நீங்க எல்லாம் சீட்டு கணக்கு பேசறீங்க, நான் அந்த ஓட்டு போடற ஆளோடவே இருந்தவ, அதனால சொல்றேன். பென்னாகரம் பக்கம் எனக்கு. நர்சிங் படிச்சிட்டு 2017ல இஸ்ரேல் போனேன், வயசானவங்களை பாத்துக்கற வேலை, அங்க மெட்டபெலெத்னு சொல்லுவாங்க. அஷ்கெலான்ல, காசாவுக்கு வடக்கால கடல் ஓரம் இருக்கற ஊரு. ஆறு வருஷம் ஒரே தாத்தாகிட்ட. சபான்னுதான் கூப்பிடுவேன், தாத்தான்னு அர்த்தம்.

அவரு பொறந்தது பாக்தாத்ல, 1938ல. மூணு வயசுல அங்க யூதங்களை வெட்டின கலவரம் நடந்துச்சாம், ஃபர்ஹூத்ன்னு சொல்லுவாரு, அம்மா மாடில இருந்து பக்கத்து வீட்டு மாடிக்கு தூக்கிப் போட்டது மட்டும் ஞாபகம் இருக்குன்னுவாரு. 1951ல குடும்பத்தோட ஒரு பெட்டியோட வந்தாங்க. ஈராக்ல இருந்து அப்ப வந்தவங்களே ஒரு லட்சத்துக்கு மேல. இறங்கின உடனே மருந்துத்தூள் அடிச்சாங்களாம், நம்ம ஊர்ல மாட்டுக்கு உண்ணி மருந்து அடிப்பாங்கல்ல அந்த மாதிரி. அப்புறம் கூடாரம், வருஷக்கணக்கா கூடாரம். வேலை வேணும்னா சிவப்பு புக்கு வேணும், தொழிற்சங்க புக்கு, அது லேபர் கட்சி கைல. அரபிய மொழி பேசிகினு வந்த கறுத்த ஆளுங்களுக்கு கடைசிலதான் கிடைக்கும். ஐரோப்பாவுல இருந்து வந்த லேபர் காரங்க எங்களை ஜனமாவே பாக்கலன்னு எழுபது வருஷம் கழிச்சும் கண்ணு சிவக்க சொல்லுவாரு.

1977ல பெகின் ஜெயிச்சாரு, நெதன்யாகுவோட லிக்குடு கட்சிக்கு அதுதான் முதல் தடவை. அன்னைக்கு ராத்திரி எங்க தெருவே ஆடிச்சுன்னாரு. எக்ஸ் சர்வீஸ் அண்ணா சொல்ற ஆஸ்லோ, காசா எல்லாம் அப்புறம். சபாவுக்கு ஓட்டு முடிவானது அந்த சிவப்பு புக்குலயே. அங்க யூதங்கள்ல பாதி பேரு கிட்ட அரபு நாட்டுல இருந்து வந்த குடும்பம்தான், இது இல்லாம அந்த ஊர் வலதுசாரி புரியாது. நம்ம டீவில காட்டற மாதிரி எல்லாரும் அமெரிக்கால இருந்து வந்த வெள்ளக்காரங்க இல்ல.

அங்க ஓட்டு போடறது எப்படின்னா, அட்டை மறைப்புக்குப் பின்னாடி ஒரு தட்டுல கட்டத்துக்கு ஒரு கட்சி சீட்டு அடுக்கி வெச்சிருப்பாங்க, எழுத்து மட்டும் பெருசா இருக்கும், அதை எடுத்து கவர்ல போடணும். லிக்குடுக்கு மஹல்னு எழுத்து. லேபருக்கு எமெத், அப்படின்னா உண்மைன்னு அர்த்தம். 2022ல நான் வீல்சேரை மறைப்பு வரைக்கும் தள்ளிகினு போய் விட்டேன், வெளிய வந்து சொல்றாரு, "உண்மை எனக்கு வேலை கொடுக்கல, அதனால அது தட்டுலயே கெடக்கட்டும்".

இப்ப தளி தம்பி கேள்விக்கு வர்றேன். அவரு வீடு அறுபதுகள்ல கட்டின கட்டடம், மூணாவது மாடி, மமாட் கிடையாது. மமாட்ன்னா காங்கிரீட் பாதுகாப்பு ரூம், 92, 93க்கு அப்புறம் கட்டின வீட்டுக்குத்தான் கட்டாயம். சைரன் அடிச்சா அஷ்கெலான்ல 30 செகண்டு. முப்பது செகண்டுல வீல்சேர்ல இருக்கற 80 வயசு ஆளை மூணு மாடி எப்படி இறக்கறது? ஜன்னல் இல்லாத நடைபாதை ஒன்னு, பாத்ரூம் பக்கத்துல, அங்க தள்ளி, நான் அவரு தலை மேல ரெண்டு தலகாணி வெச்சு அமுக்கிகினு நிப்பேன். அக்டோபர் 7 காலைல ஆறரை மணிக்கு ஆரம்பிச்சுது, அன்னைக்கு எத்தனை தடவை தள்ளினேன்னு எண்ணல, நடைபாதை சுவத்துல சக்கரம் ஒரசி ஒரசி சுண்ணாம்பு பேந்துடுச்சு. அந்த சக்கரத் தடம் எனக்கு இன்னும் கண்ணுலயே நிக்குது.

நாப்பத்தஞ்சு வருஷமா ஒரே கட்சிக்கு ஓட்டு போட்ட மனுசன், அந்த கட்சி அவருக்கு ஒரு பாதுகாப்பு ரூம் கட்டித் தரல. பீபியை திட்டினாரு பாருங்க, ஹீப்ரூ, அரபி ரெண்டுலயும், எனக்கு பாதி புரியாது. நான் கேட்டேன், அப்ப அடுத்த தடவை வேற கட்சிக்கு போடுவீங்களான்னு. என்னை பைத்தியம் மாதிரி பாத்தாரு. "என் வீட்டுக்காரன் கதவை பூட்ட மறந்தான்னு, திருடன் வரவே மாட்டான்னு சொன்னவன்கிட்ட சாவியை கொடுக்கவா?"

அவங்க வீட்டுல கோவம் நெதன்யாகுவை விட இன்னொன்னுலதான் அதிகம். பேரன் ரிசர்வ்ல, அந்த சண்டைல ரெண்டு மூணு தடவை கூப்பிட்டு இருநூறு நாளுக்கு மேல போனான், கடை வெச்சிருந்தான், மூடிட்டான். ஆனா ஹரேதி ஆளுங்க, கறுப்பு தொப்பி போட்டு வேதம் படிக்கறவங்க, ராணுவத்துக்கு போக மாட்டாங்க. 1948ல பென் குரியன் 400 மாணவருக்கு விலக்கு கொடுத்தது, இப்ப ஜனத்தொகைல நூத்துக்கு 13 பேரு கிட்ட அவங்க. 2024 ஜூன்ல கோர்ட் ஒன்பது ஜட்ஜும் ஒரே மாதிரி சொல்லிட்டாங்க, ஆள் எடுத்துதான் ஆகணும்னு. அவங்க கட்சி ரெண்டும் இதே சண்டைலதான் 2025 ஜூலைல அரசாங்கத்தை விட்டு விலகுச்சு. சபா சொல்லுவாரு, கிப்பா (யூதங்க போடற சின்ன தொப்பி) போட்டுகினு முன்னாடி நின்னு சண்டை போடற பசங்களும் வேதம் படிக்கறாங்கல்ல, அவங்க மட்டும் சாகணுமான்னு. வலதுபக்கத்தை யாராவது உடைச்சா இதுதான் உடைக்கும், இடதுசாரி இல்ல. இது என் நெனப்பு.

வக்கீல் சார் சொன்னதையும் ஒன்னு ஒத்துக்கறேன். அஷ்கெலான் பழைய பேரு மஜ்தல், அங்க இருந்த அரபுக்காரங்களை 1950 வரைக்கும் காசாவுக்கு அனுப்பி விட்டாங்க. சபாவுக்கு அது தெரியும். பாக்தாத்ல என் வீட்டுல இப்ப யாரோ இருக்கான், நான் ராக்கெட் விட்டனாம்பாரு. அதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு எனக்கு தெரியாது, நான் மாத்திரை கொடுத்துட்டு போயிடுவேன்.

அரூர்_கோர்ட்வாசல்:

அக்கா, அந்த கடைசி பத்திக்கு என்கிட்ட பதில் இருக்கு, ஆனா இன்னைக்கு வேணாம். நல்லா எழுதினீங்க. எக்ஸ் சர்வீஸ் அண்ணா, நியமன ஆணையம் விஷயத்துல நான் கோர்ட் பக்கம்தான், தனி திரி போடுங்க, அங்க வெச்சுக்கலாம்.

எக்ஸ்_சர்வீஸ்_பாலக்கோடு:

போடறேன் சார். அக்கா, அந்த சாவி வரியை நான் ரெண்டு பக்கம் எழுதியும் சொல்ல முடியல.

தளி_ரோஜாக்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வண்டிக்கார அண்ணனுக்கு படிச்சு காட்டினேன், சிவப்பு புக்கு வந்த இடத்துல "நம்ம ஊர் ரேஷன் கார்டு மாதிரி"ன்னாரு. கர்னி கேட்டு விஷயத்துல எனக்கு ரெண்டு பக்கமும் வயிறு எரிஞ்சுது, மோட்டாரை கழட்டினதுக்கும் சரி, தக்காளி அழுகினதுக்கும் சரி.

அக்கா, அந்த தாத்தா இப்ப இருக்காரா? அடுத்த தேர்தல் 2026 அக்டோபருக்குள்ள வரணும்னு படிச்சேன், அவரு என்ன பண்ணுவாராம்?

மெட்டபெலெத்_அக்கா:

இருக்காரு தம்பி, 87 ஆகுது. இப்ப பிலிப்பைன்ஸ் பொண்ணு ஒன்னு பாத்துக்குது, வெள்ளிக்கிழமை அதுதான் வீடியோ கால் போட்டு கொடுக்கும். 2025 அக்டோபர்ல உயிரோட இருந்த கடைசி 20 பேரும் திரும்பி வந்த அன்னைக்கு போன் பண்ணினாரு, பேசல, அழுதுகினே இருந்தாரு, டீவி சத்தம் மட்டும் கேட்டுது. போன மாசம் கேட்டேன், இந்த தடவை எந்த சீட்டு சபான்னு. "லிஸ்ட்டுல முதல் பேரை மாத்தட்டும், மஹல் சீட்டை எடுக்கறேன். மாத்தலன்னா வீட்லயே படுத்துக்கறேன்"னாரு. எமெத் சீட்டு இப்பவும் தட்டுலதான் கெடக்குமாம். லேபரும் மெரெட்ஸும் 2024லயே ஒன்னா சேர்ந்து பேரையே மாத்திகிச்சுன்னு நான் சொல்லல, அவரு சந்தோஷத்தை ஏன் கெடுக்கணும்.

அது இருக்கட்டும், தை மாசம் என் பொண்ணுக்கு மஞ்சத் தண்ணி வெச்சிருக்கோம், சிவப்பு ரோஜா கட்டு என்ன விலை வரும், பென்னாகரத்துக்கு வண்டி வருமா?